புல்லைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

தம்பி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஆரோராவுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது, நச்சூசா புல்வெளியில் செப்டம்பரில் நடக்கும் குடும்பத் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டார் அழைக்கிறார்கள், வெறும் புல்லைப் பார்க்க இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். நான் இங்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. முதல் சில ஆண்டுகள் கோயில், மளிகைக் கடை, பிறந்தநாள் விருந்து என்றே விடுமுறைகள் கழிந்தன. எந்த மண்ணில் பிள்ளை வளர்க்கிறோம் என்று தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்ட வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இல்லினாய்க்குப் 'பிரெய்ரி மாநிலம்', அதாவது பரந்த இயற்கைப் புல்வெளி மாநிலம் என்றே பெயர். ஒரு காலத்தில் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் புல்வெளி இருந்தது. பழைய நிலை கெடாமல் மிஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர்தான். அதற்கான காரணங்களில் ஒன்று நச்சூசாவுக்குப் பக்கத்திலேயே பிறந்தது. கிராண்ட் டிடூர் என்ற சிற்றூரில் 1837-இல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். வார்ப்பிரும்பில் அப்பிக்கொண்டு உழவிடாத மண், வழவழப்பான எஃகில் ஒட்டாமல் புரண்டது; புல்வெளி வயலானது. அதே பத்தாண்டில்தான் இந்தப் புல்வெளியில் வாழ்ந்த சாக், போட்டவாட்டமி என்ற பூர்வகுடி மக்கள் மிசிசிப்பிக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

நீங்கள் கோவில்பட்டிப் பக்கம் என்பதால், இந்த மண்ணைப் பார்த்ததும் நம் கரிசல் என்றே நினைப்பீர்கள். இந்தக் கறுப்பு வேறு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்வேர் மக்கி மக்கி ஏறிய கறுப்பு. பெரிய புளூஸ்டெம் புல் ஆளை மறைக்கும் உயரம் நிற்கும்; கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழிக் கால் போல இருக்கும். திசைகாட்டிச் செடியின் இலைகள் வடக்கு தெற்காக விளிம்பைக் காட்டி நிற்கும். தொட்டால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். டிராப்சீட் என்ற மெல்லிய புல்லின் அருகில் குனிந்து முகர்ந்து பாருங்கள். முதல்முறை முகர்ந்தபோது கொத்தமல்லி வாசம் வந்தது. என் அம்மாவின் அடுப்படி நினைவுக்கு வந்து அப்படியே நின்றுவிட்டேன்.

நச்சூசாவை 1986-இல் சிறிய அளவில் காக்கத் தொடங்கினார்கள். மக்காச்சோளம் விளைந்த நிலத்திலும் கையால் சேர்த்த விதையைத் தூவித் தூவிப் புல்வெளியை மீட்டிருக்கிறார்கள். புதர் ஏறாமலிருக்கக் கணக்குப் பார்த்துத் தீயும் வைப்பார்கள்; கரிந்த தரை சில வாரங்களில் பச்சை பிடித்துவிடும். 2014-இல் பைசன் காட்டெருதுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவற்றின் வேலிக்குள் நடந்து போகக் கூடாது. விழா நாளில் வண்டியில் கூட்டிப்போனால் முதலில் அதற்கு இடம் பிடியுங்கள். பைசன் கண்ணில் படாமலும் போகலாம், பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

செருப்பு வேண்டாம். முதல் ஆண்டு என் மகள் செருப்போடு வந்து கால் முழுக்கக் கீறலுடன் அழுதாள். மூடிய ஷூ, வெளிர்நிற முழுக்கால்சட்டை, அதன் மேல் இழுத்துவிட்ட சாக்ஸ். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், முடியோரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே உண்ணியால் லைம் நோய் வரும், அலட்சியம் கூடாது. சைவம் என்றால் தயிர்ச்சாதம் கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறைய வேண்டும். பூ பறிக்க விடாதீர்கள்.

ஆங்கிலம் தடுமாறுமே என்று ஒதுங்கி நிற்காதீர்கள். செடி காட்டி விளக்கும் தொண்டர்களில் பலர் ஓய்வுபெற்ற பெரியவர்கள். ஒரு கேள்வி கேட்டால் போதும், உங்கள் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பேசுவார்கள். விதை சேகரிக்க எப்போது வரலாம் என்றும் அவர்களிடமே கேளுங்கள். என் மகள் அப்படித்தான் ஒரு வாளியைக் கையில் வாங்கிக்கொண்டாள். இப்போது கல்லூரியிலிருந்து இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு வந்தால், ஒரு சனிக்கிழமையாவது அங்கே போய்விட்டுத்தான் திரும்புகிறாள்.