பாலைவனத்தில் வலசைக் குருவிகள்: கேள்வி – பதில்

கேள்வி: பறவைகள் இடம்பெயரும் வலசைக் காலத்தில் பாலைவனத்துக்குப் போய்க் கதிர்க்குருவிகளை (warbler எனப்படும் சிறு பறவைகள்) படமெடுத்தேன். 600 மி.மீ. லென்ஸ் இருந்தும் ஒரு படம்கூடத் துல்லியமாக இல்லை. கிட்டே போனால் பறந்துவிடுகின்றன. இன்னும் பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், 600 தாராளம். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள். வெயில் ஏறி மணல் சூடாகிவிட்டால் தரையை ஒட்டிய காற்று நெளிய ஆரம்பிக்கும். வெறும் கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது, ஆனால் தூரத்துப் பறவையைப் பெரிதாக்கும் லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்தேதான் பெரிதாக்கும். ஃபோகஸ் சரியாக இருக்கும், ஷட்டர் வேகமும் சரியாக இருக்கும், படம் மட்டும் மசமசவென்று வரும். பெரிய லென்ஸோடு இன்னும் தூரத்தில் நின்றால் நிலைமை மோசமாகும். விடிந்ததும் கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில், பக்கத்தில் இருக்கும் பறவையை எடுங்கள்.

பக்கத்தில் என்றால் நீங்கள் அதை நோக்கி நடப்பது இல்லை. இந்தக் குருவிகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை, விடியும் நேரத்தில் கண்ணில் படும் பச்சையில் இறங்கிவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே போகும் பறவைகளுக்கு, சகாரா, சினாய் பாலைவனங்களைத் தாண்டியபின் செங்கடலின் வடமுனையில் இருக்கும் இஸ்ரேலின் எய்லாத் நகரம் அப்படி ஓர் இடம், வசந்தத்தில் அங்கே ஒவ்வொரு புதரும் நிறைந்திருக்கும். இந்தக் குருவியின் உடம்பு சுமார் பத்து கிராம்தான். கிளம்பும் முன் சேர்த்த கொழுப்பெல்லாம் வழியில் கரைந்துபோய், இறங்கிய இடத்தில் பூச்சி தின்றுதான் மறுபடி சேர்க்க வேண்டும். நீங்கள் துரத்தும் ஒவ்வொரு தடவையும் அதன் சாப்பாட்டு நேரம் போகிறது, இருக்கும் கொஞ்சம் கொழுப்பும் செலவாகிறது. எனக்கு இது படத்தைவிட முக்கியம்.

அதனால் ஒரு புதரையோ நீர்க்கசிவையோ தேர்ந்தெடுத்து, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி தாழ்வாக உட்கார்ந்துவிடுங்கள். பசியோடு இருக்கும் குருவி ஒரே புதரைத் திரும்பத் திரும்ப மேயும், அசையாமல் இருக்கிற ஆளைச் சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், சில சமயம் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்துக்குள்ளேயே வந்து ஃபோகஸ் ஆகாமல் போகும். வண்டி போகும் இடம் என்றால் உள்ளே இருந்தபடியே எடுக்கலாம், ஆனால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறைய வேண்டாம், இவை ஒரு நொடி சும்மா இருக்காது. ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். முள்ளுக்குள் இருக்கும்போது கேமராவின் கண் கண்டறியும் வசதி குச்சியைப் பிடித்துக்கொள்ளும், அப்போது ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறுங்கள். பின்னால் வெளிர் மணல் இருந்தால் பறவை இருண்டுவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள்.

கேள்வி: போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

பதில்: கூடாது. இளைத்துப்போய் இறங்கியிருக்கும் பறவை போட்டிக்கு இன்னொரு பறவை வந்துவிட்டதாக நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டுத் தேடி வரும். அதே புதர் முன்னால் இன்னும் அரை மணி நேரம் உட்காருங்கள், தானாக வரும்.