காட்டு வாத்து சுட எத்தனை அனுமதி?

கேள்வி: அமெரிக்காவில் காட்டு வாத்து வேட்டைக்கு மாநில உரிமம் மட்டும் போதுமா? கட்டும் பணம் எங்கே போகிறது?

பதில்: போதாது. வாத்து வலசைப் பறவை என்பதால், 16 வயது நிரம்பியவர் மத்திய அரசின் 25 டாலர் 'டக் ஸ்டாம்ப்'பும் (வாத்து வேட்டைக்கான அனுமதி வில்லை) வாங்க வேண்டும். காகித ஸ்டாம்ப் என்றால் அதன் முகப்பிலேயே மையால் கையெழுத்திடுங்கள், இல்லாவிட்டால் செல்லாது. வலசைப் பறவை வேட்டைக்காரர்களைக் கணக்கெடுக்கும் 'ஹிப்' பதிவை, வேட்டையாடும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியே செய்ய வேண்டும். ஈயக் குண்டு கூடவே கூடாது.

ஸ்டாம்ப் பணம் சதுப்பு நிலங்களைக் காக்கப் போகிறது. உரிமக் கட்டணத்தை மாநிலம் வனவிலங்குத் துறைக்கு வெளியே திருப்பினால், 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரும் மத்திய நிதிக்கே ஆபத்து. நீள்துப்பாக்கி, தோட்டா மீதான 11 சதவீத வரிதான் அந்த நிதியின் முக்கிய ஊற்று. பறவை, விலங்கு வாழிடப் பணிக்கான பங்கில் பாதி மாநிலப் பரப்பளவையும், பாதி உரிமம் வாங்கியோர் எண்ணிக்கையையும் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. எனவே வேட்டைக்குப் போகாத ஆண்டிலும் உரிமம் வாங்குவது நல்லதே.