லைன்ல இருங்க: கேரம் போர்டும் பால் பாக்கெட்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, முதியோர் மையத்தைப் பற்றி. போன இதழில், தண்டையார்பேட்டையில் நான் வாரம் மூன்று நாள் போய் வரும் பகல்நேர மையத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன், அதன் பலன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் வெளியூர் போன் அழைப்புகளை இணைத்துத் தரும் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். வயது 69. மூன்று நிமிடம் ஆனதும் லைனில் குறுக்கே புகுந்து "த்ரீ மினிட்ஸ் ஓவர்" என்று சொன்ன பழக்கம் இன்னும் போகவில்லை. நீளக் கடிதங்களை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 34 வருடம் ஃபிட்டராக இருந்தேன். மனைவி போய் ஒன்றரை வருடம் ஆகிறது. "பக்கத்துல முதியோர் மையம் இருக்கே, போய்ட்டு வாங்க மாமா" என்கிறாள் மருமகள். எனக்கு 61தான் ஆகிறது. கிழவர்களோடு உட்கார்ந்து டிவி பார்க்க மனம் வரவில்லை. ஏதாவது உதவி செய்யலாம் என்றால் இங்கிலீஷ் தெரியாது, நாலு பேரிடம் பேசவும் வராது. நான் அங்கே போய் என்ன செய்வது?
— கே.எம்., திருவொற்றியூர்

ஐயா, எங்கள் மையத்தில் 82 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். "கிழவனுங்க நடுவுல எனக்கு இன்னா வேலை?" என்று அவரும் தினமும் கேட்கிறார். கேட்டுக்கொண்டே காலை பத்து மணிக்கு முதல் ஆளாக வந்து ஜன்னல் ஓர நாற்காலியைப் பிடித்துவிடுகிறார்.

நீங்கள் சொற்பொழிவு ஆற்றப் போகவில்லை. ஃபிட்டர் கண்ணோடு உள்ளே நுழையுங்கள், போதும். கைத்தடியின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து, கட்டை நேராகத் தரையில் படும். ஈரத்தரையில் அது வழுக்கினால் இடுப்பு எலும்புதான். புது ரப்பர் ஒன்றும் பெரிய விலையில்லை, ஆனால் குனிந்து பார்க்க ஆள் இல்லை. வாக்கரின் நாலு காலும் ஒரே உயரத்தில் இருக்காது. கழிப்பறையில் கைப்பிடி இருக்கும், அதன் ஸ்க்ரூ ஆடும். சக்கர நாற்காலியின் பிரேக் பிடிக்காது. கேரம் போர்டு ஒரு பக்கம் சரிந்திருக்கும், அதற்கு அடியில் மடித்த காலண்டர் அட்டை. இதையெல்லாம் பி.ஏ., எம்.ஏ. படித்த எங்களுக்குப் பார்க்கத் தெரியாது.

பேச வராது என்றீர்கள். ஸ்பானரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தர நாலு பேர் தானாக வந்து நிற்பார்கள்.

அப்புறம் நவம்பர் மாதம். மத்திய அரசு ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதம் அது. உங்களைப் போல் பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு, கடைசியாகக் கொடுத்த தேதியிலிருந்து ஒரு வருடம் கணக்கு. விரல் ரேகை மெஷினில் கட்டைவிரலை வைத்து வைத்து எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூட்டை தூக்கியவர், துணி துவைத்தவர், மீன் நறுக்கியவர் என்று உழைத்த கைகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். 34 வருடம் அரம் பிடித்த உங்கள் விரலையே அது ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளுமா என்று எனக்குச் சந்தேகம். இப்போது செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்று பதிவு செய்யலாம். ஜீவன் பிரமாண் செயலி, ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலி, இரண்டும் போனில் இருக்க வேண்டும். பேரனிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு போனீர்களானால் நவம்பரில் உங்கள் முன்னால் வரிசை நிற்கும். வெளிச்சம் முகத்தின் மேல் விழட்டும், முதுகுப் பக்கம் ஜன்னல் இருந்தால் எடுக்காது. இன்னொன்று: அவர்கள் போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். ஓடிபி எண்ணை உரக்கப் படிக்க விடாதீர்கள், ஏடிஎம் அட்டையைத் தொடாதீர்கள். நல்ல மனிதர் என்ற பெயர் போக ஒரு ஐந்நூறு ரூபாய் குழப்பம் போதும்.

முதல் வாரம் எதையும் சரிசெய்ய வேண்டாம். உட்கார்ந்து டீ குடியுங்கள். டிவி ஓடினால் ஓடட்டும், அதை யாரும் பார்ப்பதில்லை.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு மாதமாக ஒரு முதியோர் மையத்தில் யோகா சொல்லித் தருகிறேன், கணக்கு எழுதித் தருகிறேன். எல்லோரும் மரியாதையாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் நான் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. டீ நேரத்தில் தனியாக இருக்கிறேன். தோழிகள் கிடைப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். தப்பு என் மேலா?
— எல்.வி., பெரம்பூர்

தங்கச்சி, ஒரு எதிர்க்கேள்வி. டீ நேரத்தில் அவர்கள் போட்ட டீயைக் குடிக்கிறீர்களா, வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுபோகிறீர்களா?

நான் ஃபிளாஸ்க் கொண்டுபோனவள். சர்க்கரை போடாத டீ, என் டம்ளர், ஆபீஸ் அறைக்குப் பக்கத்தில் என் நாற்காலி. 2022இல் மையத்தில் சேர்ந்தபோது எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'போன் மேடம்'. மொபைலில் வீடியோ கால் போடச் சொல்லிக் கொடுப்பேன், மனு எழுதுவேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். மையத்துக்கு வரும் 41 பேரின் பெயர், வீடு, போன் எண், சாப்பிடும் மாத்திரை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் கோடு போட்டு, மஞ்சள் சிவப்பு மையில். அவ்வளவு அழகான நோட்டை எக்ஸ்சேஞ்சில்கூட யாரும் வைத்திருக்கவில்லை. பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் கொருக்குப்பேட்டைத் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கறுப்புத் தண்ணீர். மின்சாரம் இல்லை. பையன் பெங்களூரில். முதல் நாள் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். பாதிப் பேருக்கு லைன் போகவில்லை. இரண்டாம் நாள் என் போனும் செத்தது. பிரிட்ஜ் மேல் கேஸ் அடுப்பை ஏற்றிவிட்டுக் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். மடியில் நோட்டு.

மூன்றாம் நாள் காலை கதவைத் தட்டுகிற சத்தம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், எங்கள் மையத்துக்காரர், 73 வயது. லுங்கியை மடித்துக் கட்டி, தலை மேல் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அரை லிட்டர் பால் பாக்கெட், நாலு பன், ஒரு தீப்பெட்டி, மெழுகுவத்தி. அந்த வாரம் சென்னையில் பால் பாக்கெட்டுக்கு ஜனங்கள் எப்படி அலைந்தார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். அனுப்பியது யார் என்றால், காசிமேட்டில் மீன் விற்ற ஆயா. அவரிடம் நான் அதுவரை "கையெழுத்து போடுங்க" என்பதைத் தவிர வேறு பேசியதில்லை.

"இன்னா மேடம், நோட்டுல எல்லார் வூடும் எழுதி வச்ச, உன் வூடு மட்டும் இல்ல. ஆயாதான் அடையாளம் சொல்லி அனுப்பிச்சு" என்றார் அவர்.

போன பிறகு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 41 பெயர். நான் இல்லை. மறந்து விட்டுப்போனது என்று உங்களிடம் சொல்லலாம். பொய். அந்த நோட்டில் இருப்பவர்கள் உதவி வாங்குகிறவர்கள், நான் உதவி கொடுக்கிறவள், அதனால் நான் அதில் வரமாட்டேன் என்றுதான் என் மனது கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்கு அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. பேச்சு ஏன் நிற்காது?

தண்ணீர் வடிந்து மையம் திறந்ததும் ஆயாவிடம் பால் காசைக் கொடுக்கப் போனேன். அதுவும் தப்பு. "நான் இன்னா பால் யாவாரமா பண்றேன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் போட்ட டீயை, சர்க்கரையோடு, குடித்தேன். பிறகு மெதுவாக, "நெத்திலி வாங்கினா வயிறு உடைஞ்சே வருது ஆயா, எப்படிப் பார்த்து வாங்கறது?" என்று கேட்டேன். ஒரு மணி நேர வகுப்பு நடந்தது. கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், அழுத்தினால் குழி விழக் கூடாது, என் மூஞ்சியைப் பார்த்தால் எவளும் விலை ஏற்றித்தான் சொல்வாள், அதனால் பேசாமல் அவரையும் கூட்டிப் போக வேண்டும். இப்போது நான் 'மேடம்' இல்லை. "இன்னா போனு, வந்துட்டியா" என்பார்.

ஆகவே தங்கச்சி, இந்த வாரம் யோகாவைப் பத்து நிமிடம் குறைத்துக்கொண்டு யாரிடமாவது எதையாவது கேளுங்கள். ஊறுகாய்ப் பக்குவம், ரவிக்கைக்கு நல்ல டெய்லர், மூட்டுவலிக்கு எந்த எண்ணெய், எதுவானாலும். நிஜமாகவே உங்களுக்குத் தெரியாததாக இருக்கட்டும், நடிப்பை அவர்கள் நொடியில் கண்டுபிடிப்பார்கள். டீ நேரத்தில் கணக்கு நோட்டைத் திறக்காதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில் குடும்பங்கள் நிறைய. மில் மூடியது 1996இல், ஆனால் சில பெரியவர்கள் இன்னமும் ஷிஃப்ட் வாரியாகத்தான் சேர்ந்து உட்காருவார்கள். முப்பது நாற்பது வருடக் கூட்டு அது. அந்த பெஞ்சில் இரண்டு மாதத்தில் இடம் கிடைக்காது, கிடைக்க வேண்டும் என்று ஏங்கவும் வேண்டாம். உங்களைப் போலவே ஓரமாக உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தி இருப்பாள், முதலில் அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அம்மாவுக்கு 76. காது மந்தம். நானும் கணவரும் வேலைக்குப் போவதால் பகலில் தனியாக இருக்கிறார். பகல்நேர மையத்தில் சேர்க்கலாம் என்றால், "பெத்தவளை ஹோம்ல தள்றியா" என்று சித்தப்பா சண்டைக்கு வருகிறார்.
— ஆர்.ஜே., வியாசர்பாடி

முதியோர் இல்லம் என்பது தங்குகிற இடம். பகல்நேர மையம் என்பது காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருவது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் ஹாஸ்டலில் தள்ளினாய் என்று யாராவது சொல்வார்களா? தமிழ்நாடு அரசே 2025-26 பட்ஜெட்டில் 25 'அன்புச்சோலை' பகல்நேர மையங்களை அறிவித்தது. சித்தப்பாவையே ஒருநாள் அம்மாவுக்குத் துணையாக அனுப்பிவையுங்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தால் அவரே நிரந்தரமாகிவிடுவார்.

காது விஷயம் என் தொழில். வயதானால் முதலில் போவது கீச்சுக் குரல் கேட்கும் திறன். அதனால் கத்தினால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, முகத்துக்கு நேராகப் பேசச் சொல்லுங்கள். அறுபது, எழுபது இரண்டும் மோசமான லைனில் ஒன்றாகவே கேட்கும், நாங்கள் 'ஆறு சைபர், ஏழு சைபர்' என்று பிரித்துச் சொல்வோம். மையத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைக்காதீர்கள், சுவர் மூலையாகப் பாருங்கள். கூட்டமாக இருக்கும் விழா நாளில் முதல் முறை அழைத்துப் போகவே வேண்டாம்.

தனியாக இருக்கும் நேரத்துக்கு ஒரு எண்ணும் மனப்பாடம் செய்து வைக்கட்டும்: 14567. முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணி, இரண்டையும் மூன்றையும் விட்டுவிட வேண்டும். எங்கள் ஆயாவுக்கே வந்துவிட்டது.

மையத்துக்குப் போய் வரவே பஸ் காசு ஆகிறது. முதியவர்களுக்கு இலவச டோக்கன் உண்டாமே?
— டி.எஸ்., ராயபுரம்

உண்டு. சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 டோக்கன் தருகிறது. ஆறு மாதத்துக்குச் சேர்த்துப் பணிமனைகளில் கொடுப்பார்கள். வயதுச் சான்று, இருப்பிடச் சான்று, புகைப்படம் கொண்டுபோங்கள். குளிர்சாதன பஸ்ஸில் செல்லாது. வீட்டம்மாவுக்கு டோக்கனே வேண்டாம், சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை.

கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர், நண்பனின் பிறந்தநாளை ஒரு முதியோர் மையத்தில் கேக் வெட்டிக் கொண்டாட ஆசைப்படுகிறோம். உங்கள் மையத்துக்கு வரலாமா?
— வண்ணாரப்பேட்டை மாணவர்

வாங்க தம்பி. கேக் வேண்டாம், பாதிப் பேருக்குச் சர்க்கரை. போட்டோ வேண்டாம். பத்துப் பேர் ஒருநாள் வருவதைவிட, ஒருவர் பத்துச் சனிக்கிழமை வந்தால் எங்களுக்கு நல்லது. போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைப்பது எப்படி என்று இன்னும் 30 பேருக்கு யாரும் காட்டவில்லை.

எங்கள் மையத்தில் கேரம் ஆடுவதில் தினமும் தகராறு. பெண்கள் ஆட வந்தால் ஆண்கள் போர்டை விடுவதில்லை.
— பெயர் வேண்டாம், புது வண்ணாரப்பேட்டை

உங்கள் பேட்டையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறீர்களே! 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா உங்கள் பக்கத்துப் பெண். அவருக்கு முன்னால் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடி. அந்தப் பெரியவர்களிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மையத்தில் செவ்வாய், வியாழன் மதியம் போர்டு பெண்களுக்கு என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒட்டியவர் அந்த 73 வயதுக்காரர். தோற்றது போதும் என்று நினைத்தாரோ என்னவோ. ஆயா சிவப்புக் காயைப் போட்டு, கையோடு ஃபாலோ காயும் போட்டுவிட்டால் அன்றைக்கு அவர் டீ குடிக்காமலே கிளம்பிவிடுவார்.