செட்டிங்ஸ் கோப்பை எந்தக் கோப்புறையில் வைப்பது?

கேள்வி: மன்னார்குடியில் ஒரு நெல் மண்டிக்கு எடைக்கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதன் செட்டிங்ஸ் கோப்பு புரோகிராம் ஃபைல்ஸில், மென்பொருளின் பக்கத்திலேயே இருக்கிறது. முதலாளி தம் லாகினில் ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 20 ஆக மாற்றினார். கணக்குப்பிள்ளையின் லாகினில் இன்னும் 17 தான் வருகிறது. கோப்பைத் திறந்து பார்த்தாலும் 17 தான். லினக்ஸுக்கும் மேக்குக்கும் இதைக் கொண்டுபோக எண்ணியிருக்கிறேன். கோப்பை எங்கே வைக்க வேண்டும்?

பதில்: முதலாளி மாற்றிய 20 தொலைந்துவிடவில்லை. அவருடைய லாகினில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்று திறந்துகொண்டே போனால் உங்கள் கோப்பின் நகல் ஒன்று அங்கே இருக்கும். விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு புரோகிராம் ஃபைல்ஸில் எழுதச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லை. பழைய முறையில் எழுதப்பட்ட 32 பிட் மென்பொருள் அங்கே எழுத முயன்றால், அது பாதியில் நின்றுவிடாதபடி, விண்டோஸ் ஓசையின்றி அதை அந்தப் பயனரின் சொந்த இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. ஆகவே ஒரே கோப்பு என்று நீங்கள் நினைத்தது லாகினுக்கு ஒன்றாகப் பிரிந்துவிட்டது. மென்பொருளை அட்மினாக இயக்கச் சொல்வது இதற்குத் தீர்வன்று.

இடத்தைத் தேடுவதற்கு முன், ஒவ்வொரு செட்டிங்கும் யாருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஈரப்பத வரம்பும் மூட்டை எடையும் மண்டிக்குப் பொதுவானவை. தராசு எந்த காம் போர்ட்டில் (கருவிகளைக் கணினியோடு இணைக்கும் சீரியல் இணைப்பு) இணைந்திருக்கிறது என்பது அந்தக் கணினியைச் சேர்ந்தது. எழுத்தின் அளவு, பட்டியலில் எந்தப் பத்தி முதலில் வரவேண்டும் என்பவை மட்டுமே தனியாளின் விருப்பம்.

விண்டோஸில் முதல் இரண்டு வகையும், எல்லாப் பயனருக்கும் பொதுவான புரோகிராம்டேட்டாவுக்குள் உங்கள் மென்பொருளின் பெயரில் அமைந்த கோப்புறையில் இருக்கட்டும். அங்கே ஒருவர் உருவாக்கிய கோப்பை மற்றவர் படிக்கலாம், ஆனால் இயல்பாகத் திருத்த முடியாது. யார் திருத்தலாம் என்பதை நிறுவும்போதே முடிவு செய்துவிடுங்கள். கணினிகள் இரண்டு மூன்று இருந்தால் ஈரப்பத வரம்பைக் கணக்கு டேட்டாபேஸிலேயே வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. தனியாள் விருப்பங்களுக்கு உரிய இடம் ஆப்டேட்டாவில் ரோமிங். பெரிய அலுவலக நெட்வொர்க்கில் அது பயனருடன் கணினி விட்டுக் கணினி செல்லக்கூடியது என்பதால், திரையின் அளவைப் பொறுத்தவற்றை லோக்கலில் வையுங்கள். பாதையை நீங்களே சி டிரைவ் என்று தொடங்கி எழுதிவிடாமல் விண்டோஸிடம் கேட்டுப் பெறுங்கள். பயனர் பெயர் தமிழில் இருந்தாலும் பிழையின்றித் திறக்க யூனிகோட் ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள்.

லினக்ஸில், எந்தக் கோப்பு எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லும் எக்ஸ்டிஜி என்ற பொது வரையறையைப் பின்பற்றினால் போதும். அதன் கான்ஃபிக் ஹோம் என்னும் சூழல் மாறியில் (மென்பொருள்கள் படிப்பதற்காக இயங்குதளம் வைத்திருக்கும் மதிப்பு) பாதை இருந்தால் அதையும், இல்லையேல் ஹோம் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் கான்ஃபிக் கோப்புறையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பொதுச் செட்டிங்குகளுக்கு இடம் இடிசி (/etc) என்னும் கோப்புறை.

மேக்கில் செட்டிங்குகளைச் சேமிக்க உள்ள யூசர்டிஃபால்ட்ஸ் என்ற வசதி வழியாக எழுதினால், பயனரின் லைப்ரரிக்குள் பிரிஃபரன்சஸ் கோப்புறையில் பிலிஸ்ட் என்ற வகைக் கோப்பாக அதுவே சேமித்துக்கொள்ளும். அந்தக் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள். மேக் அந்த மதிப்புகளை நினைவகத்தில் வைத்திருப்பதால் உங்கள் திருத்தம் அழிந்துபோகலாம். நீங்களே வடிவமைத்த கோப்பானால் அதே லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட் கோப்புறையில் வையுங்கள்.

எங்கே வைத்தாலும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும். அதே கோப்புறையில் தற்காலிகக் கோப்பாக முழுவதும் எழுதி, டிஸ்க்கில் பதிந்ததை உறுதி செய்தபின் பழைய கோப்பின் பெயரை அதற்குச் சூட்டுங்கள்.

புதிய பதிப்பை 64 பிட்டாக நிறுவியவுடன் அந்தத் திருப்பிவிடும் ஏற்பாடு நின்றுவிடும்; முதலாளியின் திரையிலும் 17 திரும்பிவரும். அதனால் நிறுவும் முன், ஒவ்வொரு லாகினிலும் விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள நகலைத் திறந்து, எது செல்லும் என்று முதலாளியிடமே கேட்டு, அந்த எண்ணைப் புதிய இடத்தில் எழுதிவிடுங்கள்.