இடமாற்ற உரிமையும் 85 இடங்களும்

கேள்வி: கொரோனா காலத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) வீரர்கள் விருப்பப்படி கல்லூரி மாறலாம் என்று விதியைத் தளர்த்தியதும், கல்லூரி அணியில் ஆடும் தகுதிக்காலத்தை ஓராண்டு நீட்டித்ததும்தான் அந்த விளையாட்டைச் சந்தைக்கடை ஆக்கிவிட்டன என்கிறார்கள். படிக்க வந்த மாணவனை ஒரே கல்லூரியில் இருத்தி வைப்பதில் என்ன தவறு?
— வாசகர் ஒருவர், சேலம்

பதில்: படிக்க வந்த மாணவனை அங்கே யாரும் இருத்தி வைக்கவில்லை, பணம் ஈட்டித் தந்த மாணவனைத்தான் இருத்தி வைத்தார்கள். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பழைய விதிப்படி, நீச்சல் வீரரோ டென்னிஸ் வீராங்கனையோ ஒருமுறை கல்லூரி மாறினால் உடனே களமிறங்கலாம். கால்பந்து, ஆண்கள் மற்றும் பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி ஆகிய ஐந்து விளையாட்டுகளில் மட்டும், மாறியவர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். படிப்பைக் காக்கவே இந்த விதி என்றால், நீச்சல் வீரரின் படிப்பைக் காக்க வேண்டாம் என்று முடிவு செய்தவர் யார்?

பயிற்சியாளர்களுக்கு இப்படியொரு விதி இருந்ததே இல்லை. வருமானம் போயிற்று என்று கல்லூரிகள் புலம்பிக்கொண்டிருந்த 2020 டிசம்பரில், ஆபர்ன் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்சியாளர் கஸ் மல்சானைப் பதவி நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை சுமார் 2 கோடியே 14 லட்சம் டாலர். அடுத்த பிப்ரவரியில் அவர் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். அவரை யாரும் ஓராண்டு காத்திருக்கச் சொல்லவில்லை.

பெருந்தொற்றைக் கண்டு மனமிரங்கி விதியைத் தளர்த்தினார்கள் என்பதும் சரியன்று. இந்தக் காத்திருப்பு விதியை நீக்குவது பற்றிய முடிவு 2020 மே மாதத்தில் தள்ளிப்போடப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் 11 அன்று பிக் டென், பேக் 12 ஆகிய இரு கல்லூரிக் கூட்டமைப்புகள் ஆட்டப் பருவத்தை ஒத்திவைத்தன. தென்கிழக்குக் கூட்டமைப்பு ஆடுவதில் உறுதியாக நின்றது. ஆட்டமில்லாத கல்லூரியில் இருந்தவர் ஆடும் கல்லூரிக்குப் போக நினைத்தாலும், சிறப்பு விலக்கு கிடைக்காவிட்டால் அங்கேயும் காத்திருக்க வேண்டியதுதான். 2021 ஜனவரியில் வாக்கெடுப்புக்கு நாள் குறித்த பிறகு, வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டத்தை நினைவூட்டி அமெரிக்க நீதித் துறை கடிதம் அனுப்பியது. வாக்கெடுப்பு மீண்டும் தள்ளிப்போயிற்று. ஏப்ரலில்தான் எல்லா விளையாட்டினருக்கும் ஒருமுறை மாறும் உரிமை கிடைத்தது.

தாங்கள் குறைகூற வேண்டிய இடம் வேறு. 2020 ஆகஸ்டில் கால்பந்து உள்ளிட்ட இலையுதிர்கால விளையாட்டுகளின் வீரர்கள் அனைவருக்கும் ஆடும் தகுதி ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. நோய்க்கு அஞ்சி ஆடாமல் விலகியவரின் உதவித்தொகையைப் பறிக்கக் கூடாது என்றும் விதித்தார்கள். இரண்டும் நியாயமானவை. ஆனால் முதல்நிலைக் கால்பந்து அணி ஒன்று ஒரே நேரத்தில் 85 பேருக்கு மட்டுமே உதவித்தொகை தரலாம், ஆண்டுக்கு 25 பேரைத்தான் புதிதாகச் சேர்க்கலாம் என்ற வரம்புகள் அப்படியே இருந்தன. இறுதியாண்டை முடித்தும் தங்கியவர்களை 85 பேர் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தந்த சலுகை 2021-22 ஆம் ஆண்டோடு முடிந்தது. அதே கூடுதல் ஆண்டைப் பெற்ற இளைய மாணவர்களுக்கு அது இல்லை. ஆக, ஓராண்டு கூடுதலாகத் தங்கக்கூடிய கூட்டம் முழுவதையும் பழைய 85 இடங்களுக்குள்ளேயே அடைக்க வேண்டியிருந்தது.

இதன் சுமை பள்ளி இறுதி மாணவர்கள் தலையில் விழுந்தது. 2020 மார்ச் முதல் 2021 மே இறுதி வரை, பயிற்சியாளர்கள் அவர்களை நேரில் சந்திக்கவே தடை இருந்தது. ஆடிப் பார்த்திராத பையனுக்கு இடம் தருவதைவிட, வேறு கல்லூரியில் ஈராண்டு ஆடியவரை எடுப்பது பயிற்சியாளருக்குப் பாதுகாப்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை. மாற விரும்பி அதற்கான பட்டியலில் பெயர் பதிந்தவர்களின் நிலையும் மேலானதாக இல்லை: பதிந்த கல்விப் பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி உதவித்தொகையை நிறுத்திவிட முடிந்தது, புதிய கல்லூரி அழைக்கும் என்பதற்கு உறுதியும் இருக்கவில்லை. அவர்களுள் எந்தக் கல்லூரியும் எடுக்காதவர்களைப் பற்றி, சந்தைக்கடை என்று பேசுகிறவர்கள் வாய் திறப்பதில்லை.

கூடுதல் ஆண்டு பெற்ற ஒவ்வொருவரும் படித்து வெளியேறும் வரை அவரை 85 பேர் கணக்கிலிருந்து விலக்கியிருக்கலாம். வேறு கல்லூரி ஏற்கும் வரை பழைய கல்லூரி உதவித்தொகையைத் தொடர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கலாம். பணத்துக்கு எங்கே போவது என்று சிறிய கல்லூரிகள் கேட்டால் அதில் உண்மை உண்டு. 2020 கூடைப்பந்துப் போட்டி ரத்தானதால், கல்லூரிகளுக்குத் தரும், 60 கோடி டாலராக இருந்திருக்க வேண்டிய பங்கீட்டை என்.சி.ஏ.ஏ. 22.5 கோடியாகக் குறைத்தது. பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பக் கோடிகளை எண்ணித் தரும் கல்லூரிகள் அதே கேள்வியைக் கேட்பதற்குத்தான் பதில் சொல்லத் தேவையில்லை.

மாற்றங்கள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. மாறிப் போனவர்களுக்கு ஈடாக ஏழு பேர் வரை கூடுதலாகச் சேர்க்க 2021 இலையுதிர்காலத்தில் அனுமதித்தார்கள். 25 பேர் வரம்பை 2022 மே மாதம் ஈராண்டுக்கு நீக்கினார்கள். மாறி வரும் மாணவரை ஏற்கும் கல்லூரி, அவர் பட்டம் பெறும் வரையோ ஐந்தாண்டுத் தகுதிக்காலம் முடியும் வரையோ உதவி தர வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதித்தார்கள். இந்தக் கடைசி விதி 2021 ஏப்ரலிலேயே இடமாற்ற உரிமையோடு வந்திருக்க வேண்டியது.

பணம் வெளிப்படையாகப் புழங்குவதுதான் தங்கள் வருத்தம் என்றால், அது 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்க அனுமதித்ததால் வந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்ற நிலையோ, 2023 டிசம்பரில் நீதிமன்றம் இட்ட தடையாணைக்குப் பிறகு 2024 இல் வந்தது. இரண்டையும் கொரோனாக் காலச் சலுகையின் கணக்கில் எழுதுவது தவறு.

வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற சமரச ஒப்பந்தப்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போய், அணிக்கு 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. இந்த வரம்பை எதிர்பார்த்து அதற்கு முன்பே அணியிலிருந்து கழிக்கப்பட்டவர்களில் பலர், சொந்தச் செலவில் படித்துக்கொண்டே ஆடியவர்கள். அவர்களுக்கு வழி செய்யும்படி நீதிபதி வற்புறுத்திய பிறகு, அவர்களை 105 பேர் கணக்கில் சேர்க்காமல் திரும்ப எடுக்கலாம் என்று திருத்தினார்கள். எடுத்தே தீர வேண்டும் என்று எழுதவில்லை.