சோஃபி எழுதிய கொடிவழி

அன்புள்ள ஐயா,

வானியலாளர் டைக்கோ பிராகே பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த சில நாட்களில், வேலை நிமித்தமாகப் பின்லாந்தின் ராஹே என்ற கடலோர ஊருக்குப் போக நேர்ந்தது. ஊர்ச் சதுக்கத்தில் பெர் பிராகே என்ற பிரபுவின் சிலை நிற்கிறது. இவரும் டைக்கோவும் ஒரே குடும்பமா? இன்னொரு கேள்வியும் உண்டு. பிறப்பால் வந்த செல்வாக்கில் வாழ்ந்தவர்களின் கதையை நாம் எதற்குப் படிக்க வேண்டும்? குலப்பெருமையால் நாம் பட்டது போதாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரே குடும்பம் என்பதுதான் அவர்களுடைய மரபு. டென்மார்க்கில் வேர்விட்ட மரம். அதன் ஒரு கிளை ஸ்வீடனுக்குப் போனது. அந்தக் கிளையில் வந்த யோவாகிம் பிராகேயை 1520 நவம்பரில், ஸ்டாக்ஹோமில் நடந்த படுகொலையில் டேனிஷ் மன்னன் இரண்டாம் கிறிஸ்தியான் தலைவெட்டிக் கொன்றான். யோவாகிமின் மனைவி குஸ்தாவ் வாசாவின் சகோதரி. மூன்றே ஆண்டுகளில் குஸ்தாவ் ஸ்வீடனின் மன்னரானார். தகப்பனை இழந்த குழந்தை இப்படி மன்னரின் சகோதரி மகனாக வளர்ந்தது. அவர்தான் மூத்த பெர் பிராகே. நீங்கள் சிலையாகப் பார்த்தவர் அவருடைய பேரன், 1602 முதல் 1680 வரை வாழ்ந்தவர். இரண்டு முறை பின்லாந்தின் ஆளுநராக இருந்து ஊர்களை நிறுவினார், துர்க்குவில் 1640-இல் பல்கலைக்கழகம் கண்டார். ராஹேயும் அவர் 1649-இல் நிறுவிய ஊர்தான். அதன் ஸ்வீடிஷ் பெயரான பிராகேஸ்தாதிலேயே குடும்பப் பெயர் இருக்கிறது. ஒரு காரியம் சரியான வேளையில் நடந்தால் "பிரபுவின் காலத்தில்" நடந்தது என்று பின்லாந்துக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பிரபு இவரே என்பார்கள்.

அவருடைய பெரியப்பா மகள் எப்பா பிராகேயை ஸ்வீடனின் இளம் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் காதலித்தார். மன்னரின் தாய் சம்மதிக்கவில்லை. எப்பா 1618-இல் தளபதி யாக்கோப் டி லா கார்டியை மணந்தார். பின்னால் வந்த எரிக் பிராகே, மன்னராட்சியின் அதிகாரத்தை மீட்கும் சதியில் சேர்ந்து 1756 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் தலையிழந்தார். அவருடைய ஒரு மகன் பிறந்தது அதன்பிறகுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அதன் கோபம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அது உண்டு. ஆனால் இந்தக் குடும்பத்தை நான் விடாமல் படிப்பதற்குக் காரணம் டைக்கோவின் தங்கை சோஃபி. குலப்பெருமை தன் வீட்டாரையே எப்படி நடத்தும் என்பதை அவரிடம் பார்க்கலாம்.

பத்துக் குழந்தைகளில் கடைசி அவர். 1573 டிசம்பரில் சந்திர கிரகணத்தைக் கணிக்கவும் கவனிக்கவும் அண்ணனுக்கு உதவினார். வானவியல் உனக்குக் கடினம் என்று அண்ணன் தடுத்தபோது, ஜெர்மன் நூல்களை வாங்கிப் படித்தார். லத்தீன் நூல்களைத் தன் சொந்தச் செலவில் மொழிபெயர்க்கச் செய்தார். பிறகு அண்ணனே அவரைப் பெருமையோடு பேசினார். கணவர் 1588-இல் இறந்தபின் எரிக்ஸ்ஹோல்ம் மாளிகையை நிர்வகித்தார், புகழ்பெற்ற தோட்டம் வளர்த்தார், மருந்துகள் செய்தார்.

அப்போதுதான் எரிக் லாங்கே வந்தார். ரசவாதத்தில் பொன் செய்யப்போய் இருந்த சொத்தையும் கரைத்தவர், கடன்காரர்களுக்குப் பயந்து நாடு நாடாக ஓடியவர். 1590-இல் நிச்சயம் ஆனது. திருமணம் நடக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. உடன்பிறந்தவர்களில் டைக்கோவைத் தவிர மற்றவர்கள் சோஃபியின் படிப்பையும் ஏற்கவில்லை, இந்த உறவையும் ஏற்கவில்லை. 1602-இல் எக்கெர்ன்ஃபோர்டே நகரில் நடந்த அந்தத் திருமணத்தைப் பற்றி அவர் தன் அக்கா மார்கரெத்தேவுக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. மணப்பெண்ணின் காலுறைகளில் ஓட்டை. மாப்பிள்ளையின் உடைகளைத் திருமணம் முடிந்ததும் அடகுக்கடைக்கே திருப்பித் தர வேண்டியிருந்தது. தனக்குச் சேர வேண்டிய பணத்தைக் குடும்பம் தராததைப் பற்றியும் அதில் கசந்து எழுதுகிறார். எத்தனையோ கோட்டைகளுக்கு உரிமை கொண்டிருந்த குடும்பத்தின் பெண் அவர். அந்தக் காலுறையை என்னால் மறக்க முடியவில்லை.

டைக்கோவின் வீட்டிலும் இதே கதைதான். அவருடன் வாழ்ந்த கிர்ஸ்டென் பிரபு குலத்தவர் அல்ல. ஒரு பெண் ஒருவனோடு மூன்று குளிர்காலம் வெளிப்படையாக வாழ்ந்து, ஒன்றாக உண்டு, வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருந்தால் அவள் மனைவி என்றது பழைய டேனிஷ் சட்டம். ஆனால் பிள்ளைகளுக்குப் பிரபுப் பட்டமும் கிடையாது, தகப்பனின் குடும்பச் சொத்தும் கிடையாது. பிராகே என்றதும் உலகம் நினைக்கும் மனிதரின் பிள்ளைகள், சட்டத்தின் கண்ணில் அந்தக் குலத்தவரே அல்லர்.

இத்தனைக்கும் பிறகு சோஃபி செய்த வேலையைப் பாருங்கள். ஹெல்சிங்கோரில் குடியமர்ந்து, டென்மார்க்கின் பிரபுக் குடும்பங்களின் கொடிவழியைத் தொகுத்தார். 1626-இல் முடித்த அந்தப் பிரதி ஏறத்தாழ 900 பக்கம். யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரை மணந்தார் என்று பழைய டேனிஷ் குலங்களை ஆராய்பவர்கள் இன்றும் அவரிடம் போகிறார்கள். தன்னை ஒதுக்கிய குலத்தை அவர் ஏன் இவ்வளவு பொறுமையாக எழுதிவைத்தார்? பாசத்தால் என்று என்னால் நம்ப முடியவில்லை. நட்சத்திரத்தின் இடத்தைக் குறித்துப் பழகிய கை அது. கண்டதைத் திருத்தாமல் பதிவது அந்தக் கைக்கு வழக்கமாகியிருந்தது என்றே நினைக்கிறேன்.

1643-இல் அவர் இறந்தார். கொடிவழியின் கையெழுத்துப் பிரதி இப்போது ஸ்வீடனில், லுண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. டைக்கோ பிறந்த க்னுட்ஸ்டோர்ப்பும் அதே மாகாணத்தில்தான் உள்ளது. அவர்கள் காலத்தில் அது டென்மார்க்கின் மண். அடுத்த விடுமுறையில் தெற்கு ஸ்வீடனுக்குப் போனால் லுண்டில் ஒரு நாள் தங்குங்கள். அந்த நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.