அசை நின்ற மாட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் மணப்பாறை பக்கம். ஜெர்சி கலப்பின மாடு, இரண்டாம் ஈற்று, கன்று போட்டு நான்கு மாதம். 12 நாளுக்கு முன்னால் பக்கத்து வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டது. டாக்டர் வந்து பாட்டில் ஏற்றி, மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். இப்போது எழுந்து நிற்கிறது, கொஞ்சம் சோளத்தட்டை கடிக்கிறது. ஆனால் அசை வெட்டவே இல்லை. 9 லிட்டர் கறந்தது 2 லிட்டருக்கு வந்துவிட்டது. மருந்துக்கடையில் ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். அதில் 'ரூமினன்ட்' என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. அசை போடுகிற மாட்டுக்கு என்று அர்த்தமாம். அசை போடாத என் மாட்டுக்கு அதைக் கொடுக்கலாமா? வேறு மாட்டின் வாயிலிருந்து அசையை எடுத்து இதற்கு ஊட்டச் சொல்கிறார் மாமியார். தரகரோ, அசை நின்ற மாடு தேறாது, 15,000 ரூபாய்க்குக் கொடு என்கிறார். என்ன செய்வது?

பதில்: விற்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். அளவுக்கு மீறிச் சோறு தின்ற மாடு போவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளிலேயே போய்விடும். 12 நாள் தாண்டி எழுந்து நின்று தட்டை கடிக்கிறது என்றால் உங்கள் டாக்டர் பெரிய கண்டத்தைத் தாண்ட வைத்துவிட்டார். இனி இருப்பது தேற்றுகிற வேலை.

அந்தப் பாக்கெட்டில் உள்ள சொல்லைப் பார்ப்போம். 'ரூமினன்ட்' என்பது ஓர் இனத்தின் பெயர். மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, மான் எல்லாம் அதில் அடங்கும். மாடு இன்றைக்கு அசை போடுகிறதா இல்லையா என்பதற்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. கூண்டில் அடைத்து வைத்தாலும் கிளி பறவைதானே, அதுபோல. இங்கிலீஷ்காரர்களின் சொல், மாட்டின் நான்கு வயிறுகளில் 'ரூமன்' என்கிற முதல் வயிற்றின் பெயரை ஒட்டியது. அதைத் தமிழில் அசையூண் வயிறு என்கிறோம். நாமோ மாடு செய்கிற செயலை வைத்துச் சொல்கிறோம்: அசை போடுவது, அசை வெட்டுவது. பெயர் செயலாக இருப்பதால், செயல் நின்றதும் பெயரும் போய்விட்டதோ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அது உங்கள் தவறில்லை. மருந்து வாங்குகிறவர்களில் பாதிப் பேர் படிக்க முடியாத எழுத்தில் உறையை அச்சடித்துவிட்டு, தமிழில் ஒரு வரிகூடப் போடாமல் விற்கிறார்களே, தவறு அங்கே இருக்கிறது. இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், யாரும் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை.

ஆக, பெயரை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே என்ன மருந்து என்று டாக்டரிடம் காட்டாமல் பிரிக்கவும் வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெயரளவில் கன்றும் ரூமினன்ட்தான், ஆனால் பிறந்து இரண்டு மூன்று வாரம்வரை அது அசை போடாது. அதன் முதல் வயிறு அப்போது வேலையே தொடங்கியிருக்காது, பால் நேராகக் கடைசி வயிற்றுக்குப் போய்விடும். அந்த வயிறு முழுதாகத் தயாராக மாதக்கணக்கில் ஆகும். அதனால் யூரியா கலந்த தாது உப்புக் கட்டி போன்றவற்றை ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றின் பக்கம் வைக்காதீர்கள்.

இனி உங்கள் மாட்டுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். மாட்டின் இடது பக்கம் முழுக்க அசையூண் வயிறுதான். பெரிய மாட்டில் அது 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். வைக்கோலை மாடு தானாகச் செரிப்பதில்லை. அந்த வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் வாழும் நுண்ணுயிர்கள்தான் செரித்துக் கொடுக்கின்றன. மாடு அவசரமாக விழுங்கியதை நிதானமாக வாய்க்குக் கொண்டுவந்து, ஓர் உருண்டைக்கு 40 முதல் 60 தடவை மென்று, திரும்ப உள்ளே அனுப்புகிறது. நல்ல மாடு ஒரு நாளில் ஆறேழு மணி நேரம் இதைச் செய்யும். மெல்லும்போது ஊறுகிற எச்சிலில் நம் சமையல் சோடாவில் உள்ள அதே உப்பு இருக்கிறது. வயிற்றில் புளிப்பு ஏறாமல் காப்பது அந்த எச்சில்தான்.

சோறு அப்படியில்லை, மெல்லவே வேண்டியதில்லை. உள்ளே போனதும் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. அந்த அமிலத்தில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகின்றன. டாக்டர் அமிலத்தை இறக்கிவிட்டார். ஆனால் செத்த உயிர்கள் திரும்ப வரவில்லை. உழுது, நீர் பாய்ச்சி, விதை போடாத வயல் போலக் கிடக்கிறது வயிறு. அதனால்தான் அசை இல்லை. பால் குறைந்ததும் அதனால்தான். இருக்கிற இரண்டு லிட்டரிலும் கொழுப்பு இறங்கியிருக்கும். நார் செரித்துக் கிடைக்கும் சத்திலிருந்துதான் பாலின் கொழுப்பில் பெரும்பங்கு வருகிறது. பால் ஊற்றும் இடத்தில் தண்ணீர் கலந்தீர்களா என்று கேட்பார்கள். கருவியில் வரும் எண்ணைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள், மாட்டுக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டால் எத்தனையோ மாடுகளை முன்கூட்டியே காப்பாற்றலாம்.

உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். மாட்டுக்கு வீட்டில் யார் எதை ஊட்டச் சொன்னாலும் வேண்டாம் என்பதுதான் என் வழக்கமான பதில். இதில் மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நல்ல மாட்டின் அசையில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றை இந்த மாட்டின் வயிற்றில் சேர்த்தால் அது விதைப்பதுதான். கால்நடை மருத்துவத்தில் இதை முறைப்படியே செய்கிறோம். உங்களுக்கு அருகிலேயே நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே 'அசையூண் வயிற்று நீர் மாற்றம்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் வாய்க்குள் கைவிட்டு எடுக்கிற முறை வேண்டாம். ஒரு உருண்டையில் கிடைப்பது ஒரு கைப்பிடி. தேவைப்படுவதோ குறைந்தது மூன்று லிட்டர், எட்டு பத்து லிட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. டாக்டர் நல்ல மாட்டின் வாய்வழியே குழாய் செலுத்தி வயிற்று நீரை எடுப்பார். முதலில் வருவது எச்சிலோடு கலந்திருக்கும், அதைக் கீழே விட்டுவிட வேண்டும். பிறகு வருவதைத் துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பு ஆறுவதற்குள், காற்றுப் புக இடமில்லாமல் பாத்திரத்தின் விளிம்புவரை நிரப்பி மூடிக் கொண்டுவர வேண்டும். அந்த உயிர்களுக்குக் காற்றும் ஆகாது, குளிரும் ஆகாது. எடுத்த கையோடு இந்த மாட்டுக்குக் குழாய் வழியாகவே கொடுக்க வேண்டும். ஒரு தடவையில் அசை திரும்பாவிட்டால் மறுநாளும் செய்யலாம். கொடுக்கிற மாடு நீங்கள் அறிந்த மாடாக, நன்றாகத் தின்று அசை போடுகிறதாக, குடற்புழு நீக்கம் செய்ததாக, கழிச்சல் இல்லாததாக இருக்க வேண்டும். வைக்கோல் அதிகம் தின்கிற மாடாக இருந்தால் உங்கள் மாட்டுக்கு வேண்டிய உயிர்களே அதில் நிறைய இருக்கும். அறுப்புக் கூடத்திலிருந்தும் எடுப்பதுண்டு. அந்த மாட்டுக்கு என்ன நோய் இருந்தது என்று தெரியாதென்பதால் நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

வாய்க்குள் கை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. உங்கள் மாட்டின் கதை சோற்றில் தொடங்கியது, அதனால் இது உங்களுக்கு அல்ல, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. காரணம் தெரியாமல் அசை நின்று, எச்சில் ஒழுக, தண்ணீர் விழுங்க முடியாமல் தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் நிற்கிற மாட்டுக்கு வெறிநோய் இருக்கலாம். தொண்டையில் என்ன சிக்கியது என்று பார்க்கக் கைவிடாதீர்கள். ஏற்கெனவே விட்டிருந்தால் கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள்.

அடுத்தது, நான் பார்த்தவரை அசை நின்ற மாடுகளில் பலதைக் கொன்றது அசை நின்றது அல்ல, எண்ணெய் ஊற்றியது. தலையை அண்ணாந்து பிடித்து, நாக்கை இழுத்து வைத்துக்கொண்டு, மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ நல்லெண்ணெயையும் கஷாயத்தையும் ஊற்றுகிறார்கள். மூக்கின் வழியே ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நாக்கை இழுத்தால் மாட்டால் விழுங்க முடியாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். மாடு இருமுகிறது, இரண்டாம் நாள் காய்ச்சல் வருகிறது, ஒரு வாரத்தில் சாகிறது. கேட்டால் 'வயிற்று நோவில் செத்தது' என்பார்கள். கைவைத்தியம் செய்தே தீர வேண்டுமென்றால் வெற்றிலை, மிளகு, சீரகம், உப்பு அரைத்துச் சின்னச் சின்ன உருண்டையாக நாக்கில் தடவுங்கள், அது தானாக நக்கி விழுங்கட்டும். மனிதர்களுக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் மோசம். மிச்சம் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் அது கொன்றுவிடும்.

அடுத்து தரகர். 'அசை நின்ற மாடு தேறாது' என்பது எல்லா மாட்டுச் சந்தையிலும் கேட்கிற வசனம். பயந்தவர்களிடமிருந்து கறவை மாட்டை அடிமாட்டு விலைக்கு வாங்க இதைவிட எளிய வழி அவர்களுக்கு இல்லை. பருவத்துக்கு வந்த மாடும் அன்றைக்குச் சரியாக அசை போடாது, கன்று போடப் போகிற மாடும் போடாது. அந்த மாடுகளையும் இதே வார்த்தையைச் சொல்லி வாங்கிப்போய், அடுத்த வாரம் 'நல்ல கறவை' என்று விற்றவர்களை எனக்குத் தெரியும். விற்கும்போது அவர்களுடைய வேலையே வேறு. உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றை நிரப்புவார்கள், ஒருவேளை கறவாமல் விட்டு மடியைப் பெருக்க வைப்பார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் முன்னால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து அந்த மாடு அசை போடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 15,000 ரூபாய்க்கு உங்கள் மாட்டைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் இதே கறவையில் ஒரு மாடு வாங்க முடியுமா என்று தரகரையே கேளுங்கள்.

காதுவில்லை இருக்கிறதா என்றும் பாருங்கள். காப்பீடு செய்திருந்து, வில்லை விழுந்து போயிருந்தால் நாளைக்கு ஒரு ரூபாய் வராது. மாடு உயிரோடு இருக்கும்போதே தகவல் சொல்லி மாற்று வில்லை போட்டுக்கொள்ளுங்கள். கால்நடை மருந்தகத்துக்குப் போனால் டாக்டர் வேறு ஊருக்குப் போயிருப்பார். ஒருவரை நான்கு ஊருக்குப் போட்டால் அவரும்தான் என்ன செய்வார்? அலைய வேண்டாம், 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கால்நடை மருத்துவ ஊர்தி கிளம்பி வரும். 'சோறு தின்ற மாடு, 12 நாளாக அசை இல்லை' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டாக்டர் வந்ததும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். விசேஷ வீட்டுச் சோற்றோடு கம்பியோ ஊக்கோ போயிருந்தால், அது இரண்டாம் வயிற்றில் தங்கும். அந்த வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது ஒரு சவ்வும் கொஞ்சம் இடைவெளியும்தான். மாடு முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கம் விரித்து நிற்பது, பள்ளத்தில் இறங்கத் தயங்குவது, திரும்பும்போது முனகுவது, நெஞ்சுக்குக் கீழே வீங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் வயிற்று நீர் மாற்றத்துக்கு முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். நடையில் நொண்டல், குளம்பில் சூடு இருந்தாலும் சொல்லுங்கள். சோற்று அமிலம் சில சமயம் காலிலும் வேலை காட்டும்.

அதுவரை தவிடு, புண்ணாக்கு, கஞ்சி, கழுநீர் எதுவும் வேண்டாம். காய்ந்த வைக்கோலும் சோளத்தட்டையும் மட்டும் போடுங்கள். பொடியாக நறுக்கக் கூடாது. நீளமான நார் வயிற்றுச் சுவரில் உரசினால்தான் அசை மேலே வரும். நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். தினமும் காலையில் இடது பக்கப் பசிக்குழியில், அதாவது கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், கையை மடக்கி அழுத்தி வையுங்கள். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை உள்ளிருந்து கையைத் தள்ள வேண்டும். இப்போது ஒரு தடவை தள்ளினாலும் நல்ல சேதிதான். ராத்திரி பத்து மணிக்கு மேல், மாடு படுத்தபிறகு, விளக்குப் போடாமல் கொட்டகைக்கு வெளியே நில்லுங்கள். தாடை அரைக்கும் சத்தம் கேட்டால் எண்ணுங்கள். ஓர் உருண்டைக்கு 40 தாண்டி, அதுவே மூன்று நாள் தொடர்ந்து கேட்டால், நான்காம் நாள் கால் கிலோ தவிடு வையுங்கள். பிறகு இரண்டு நாளுக்கு ஒரு கால் கிலோ கூட்டுங்கள், அதற்கு மேல் வேகம் வேண்டாம்.